ஏஞ்சல் உருகிய மத்தியானம்

தேனி பஜாரில் ஏலக்காய் கடை வைத்திருக்கும் விஜய்ராஜின் கைப்பேசிக்கு, மகள் படிக்கும் பள்ளியிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தது. வியாபாரத்துக்கு வேண்டிய ஆங்கிலம் அவருக்குத் தெரியும். இதில் ‘மெல்ட்டவுன்’ என்ற ஒரு சொல் மட்டும் இடித்தது. கைப்பேசியையே தமிழில் சொல்லச் சொன்னார். ‘ஏஞ்சல் வகுப்பறையில் உருகிவிட்டாள். உடனே வரவும்’ என்றது.

ஏப்ரல் மாத வெயில். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மயங்கி விழுந்துவிட்டது என்றே முடிவு செய்தார். கடையை அப்படியே போட்டுவிட்டு, வழியில் இளநீர் வாங்கி வண்டியில் மாட்டிக்கொண்டு, அல்லிநகரத்தில் தன் வீட்டு வாசலில் நின்று ஹாரன் அடித்தார். மனைவி சாராள் வந்து செய்தியைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

“உருகிட்டாளா! ஜெப நேரத்துலதான் இருக்கும். கன்வென்ஷன்ல பாஸ்டர் ஐயா சொன்னாகள்ல, சின்னப் பிள்ளைக மனசுதான் சீக்கிரம் உருகும்னு.”

“பிள்ள வெயில்ல சுருண்டு கெடக்குன்னு நான் வாரேன். ஏறு வண்டில.”

வழிநெடுக அவர் பயந்துகொண்டே ஓட்டினார். அவள் பின்னால் உட்கார்ந்து ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

முதல்வர் அறைக்கு வெளியே பெஞ்சில் ஏஞ்சல் உட்கார்ந்திருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. இடுப்பில் வேறு யாருடையதோ தொளதொளத்த பாவாடை. விஜய்ராஜ் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். சூடில்லை. இளநீரை நீட்டினார், அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சாராள் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட, அவர் மட்டும் உள்ளே போனார்.

“மேடம், காய்ச்சல்கூட இல்லையே. பிள்ள எப்படி உருகுச்சு?”

வினாத்தாளில் கையெழுத்து வாங்க வந்து நின்ற ஆங்கில ஆசிரியர் ஸ்டான்லி நிமிர்ந்தார். சொல்லின் பூர்வீகம் பற்றி அந்தப் பள்ளியில் யாரும் அவரிடம் கேட்டதே இல்லை.

“நல்ல கேள்வி சார். மெல்ட்டவுன்ங்கிறது முதல்ல ஐஸ்கிரீம் செய்றவங்களோட வார்த்தை. நாக்குல வச்சா எப்படி இளகுதுன்னு பேசுறதுக்காக. அப்புறம் அணு உலைக்காரங்க எடுத்துக்கிட்டாங்க. உள்ள சூடு தாங்காம எரிபொருள் உருகிடுச்சுன்னா அதுக்கும் மெல்ட்டவுன். பங்குச் சந்தை சரிஞ்சப்பவும் அதே வார்த்தை. கடைசியா மனுஷங்களுக்கும் வந்துருச்சு.”

அணு உலை என்றதும் விஜய்ராஜுக்கு வேர்த்தது. “இப்ப எம்பிள்ளைக்கு இதுல எது சார்?”

“கட்டுப்பாடு இழந்து அழுதிருக்கா.”

“அழுதான்னே அனுப்பியிருக்கலாமே.”

“அது அவ்வளவு துல்லியமா இருக்காது” என்றார் முதல்வர். பிள்ளை தரையில் புரண்டு கத்தியதையும், சாப்பாட்டு டப்பாவை எறிந்ததையும் சொன்னார். கவுன்சலரிடம் காட்டுவது நல்லது என்றார்.

“எதுக்கு அழுதா?”

“அதைக் கவுன்சலர் கண்டுபிடிச்சுச் சொல்வார்.”

கதவைத் தள்ளிக்கொண்டு சாராள் வந்தாள். ஏஞ்சல் அவள் இடுப்பில் இருந்தாள்.

“ஒண்ணுக்கு வருதுன்னு சொல்லியிருக்கா. ரோஸ்லின் மிஸ் இங்கிலீஷ்ல கேளுன்னாகளாம். அந்த அவசரத்துல இவளுக்கு இங்கிலீஷ் வரல. அங்கனயே போயிட்டா. எல்லாப் பிள்ளைகளும் சிரிச்சிருக்கு.”

விஜய்ராஜ் எழுந்தார். யாரிடமும் குரல் உயர்த்தாத மனிதர் மேசையில் ஓங்கி அடித்தார். “ஒண்ணுக்குப் போறதுக்கு எதுக்கு மேடம் இங்கிலீஷு? எவன் போட்ட சட்டம் இது?”

முதல்வர் நிதானமாகவே சொன்னார். “நீங்க கேட்டதுதான் சார். பெற்றோர் கூட்டத்துல எந்திரிச்சு, ‘வகுப்புல ஒரு வார்த்தை தமிழ் வரக்கூடாது, அதுக்குத்தான் இங்க சேத்திருக்கோம்’னு சொன்னீங்க. எல்லாரும் கை தட்டினாங்க.”

அந்தக் கைதட்டல் விஜய்ராஜுக்கு நன்றாகவே நினைவிருந்தது. வீட்டுக்குப் போகும்வரை அன்று அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. இப்போது மெதுவாக உட்கார்ந்தார். ஸ்டான்லி வினாத்தாளைப் படிப்பதுபோல் குனிந்துகொண்டார்.

“நானும்தான் தட்டுனேன்” என்றாள் சாராள். “நாங்க கேட்டது தப்புத்தான் மேடம். ஆனா ஆறு வயசுப் பிள்ள எவ்வளவு நேரம் அடக்கும்? அத மட்டும் தமிழ்ல கேக்க விடுங்க.”

ஒன்றுக்கு விட்டால் ஒவ்வொன்றுக்கும் கேட்பார்கள் என்று முதல்வர் தயங்கினார். கடைசியில் எந்த மொழியும் வேண்டாம், அவசரமென்றால் சுண்டு விரலைத் தூக்கினால் போதும் என்று முடிவானது. சாயங்காலம் ரோஸ்லின் மிஸ் வீட்டுக்கே வந்தாள். தமிழில் பதில் சொல்லி மாட்டிக்கொண்டால் தனக்கும் மெமோ வரும் என்றாள். ஏஞ்சல் கதவுக்குப் பின்னாலிருந்து வெகுநேரம் வரவில்லை. மிஸ் குனிந்து, “சாரி தங்கம், எம்மேலதான் தப்பு” என்றபிறகு எட்டிப் பார்த்தாள்.

திங்கட்கிழமை பள்ளிக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடித்தாள். புதன்கிழமை தானாகக் கிளம்பினாள். இப்போது கணக்கு வகுப்பு தொடங்கியதும் முதல் சுண்டு விரல் அவளுடையதுதான். யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் நிமிர்ந்து நடந்து போகிறாள். பின்னாலேயே பாதி வகுப்பும் கிளம்பிவிடுகிறது.