வீரய்யாவின் நாலு வரி

பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் விஜேந்திரனின் அச்சுக்கடையில் பதினோரு வருடமாகத் தட்டச்சு செய்பவள் தனுஜா. கல்யாணக் கார்டு, கோயில் நோட்டீஸ் எல்லாம் அவள் கை பட்டுத்தான் வெளியே போகும். கணினியில் களவாக நகலெடுத்துப் போட்டிருந்த மென்பொருளை எல்லாம் தூக்கிவிட்டு, யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய லினக்ஸ் இயங்குதளத்தை விஜேந்திரன் போட்ட நாளிலிருந்து அவள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

"பழைய பாமினி எழுத்து இருந்த அதே விசையிலயே அடிக்கலாம், அதுக்கும் வழி செஞ்சு வச்சிருக்கேன். ஒருக்கா அடிச்சுத்தான் பாரேம்மா" என்று அவர் கெஞ்சினார்.

"எனக்கு அதெல்லாம் சரிப்படாது முதலாளி."

ஒரு வாரம் போட்டோகொப்பி மட்டும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளிலிருந்து ரமேஸ் வந்தான். ஐந்து வருடத்துக்கு முன் அவனுடைய கல்யாணக் கார்டை அடித்துக் கொடுத்தவள் தனுஜாதான். இப்போது தங்கச்சிக்குக் கல்யாணம்.

"அதே கார்டு வேணும்க்கா. அதுல எங்கப்பா வீரய்யா சொல்லி எழுதுன நாலு வரி இருக்கு. அப்பா போன வருசம் தவறிட்டாரு. வீட்டுல இருந்த கார்டெல்லாம் கூரை ஒழுகி நனைஞ்சு போச்சு. தங்கச்சி அந்த வரிதான் வேணுங்குது."

விஜேந்திரன் பழைய கோப்பைத் திறந்தார். திரை நிறைய ஆங்கில எழுத்தும் புள்ளியுமாகக் கிடந்தது. தமிழ் ஒரு சொல்கூட இல்லை. அடித்த ஆங்கில விசைகளைத் தமிழாகக் காட்டும் பாமினி எழுத்துரு, தூக்கிய மென்பொருளோடு போயிருந்தது. புதிதாக இறக்கிக்கொள்ளலாம் என்றால், காலையிலிருந்து பெய்த மழையில் இணையமும் இல்லை. அவருக்கு முகம் சுண்டிப்போனது.

'நான் அப்பவே சொன்னேனே' என்று சொல்ல தனுஜாவுக்கு வாய் துடித்தது. ரமேஸின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டு திரைக்கு அருகே போனாள். ஜே, பி, யூ, கே, இசட், கே, ஓர் அரைப்புள்ளி. அவளுடைய விரல்கள் மேசைமேல் தாமாகவே அசைந்தன.

"திருமணம்" என்றாள்.

விஜேந்திரன் நிமிர்ந்தார். "என்னது?"

"திருமணம்னு போட்டிருக்கு முதலாளி. இருங்க, வாசிக்கிறேன்."

விரலை அசைத்து அசைத்து, கீழே இருந்த வரிகளுக்கு வந்தாள்.

"மலை ஏறி வாங்க, மழை பேஞ்சாலும் வாங்க. சோறு இருக்கு, சொந்தம் இருக்கு. புள்ளைங்க ரெண்டும் கைப்புடிக்குது. நீங்க வந்தாத்தான் எங்க லயம் நெறையும்."

ரமேஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். "அப்பா பேசுன மாதிரியே இருக்குக்கா."

தனுஜா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு வாரமாகத் தொடாத விசைப்பலகையில், பழைய இடங்களிலேயே விரலை வைத்தாள். விரல் போன வழியெல்லாம் தமிழ் வந்து விழுந்தது. நாலு வரியும் ஒரு பிழை இல்லாமல் முடிந்தபோது, அவள் வாய்விட்டுச் சிரித்தாள். ரமேஸ் மாதிரிக் கார்டைச் சட்டைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினான்.

மறுநாள் விஜேந்திரன் கடைக்கு வந்தபோது, தனுஜா அப்படியே வாசிக்க முடியாமல் கிடந்த பதினான்கு பழைய கார்டுகளைப் புதிதாக அடித்து முடித்திருந்தாள்.

"முதலாளி, எதிர்க்கடை ஸுபைதா அக்காவ பின்னேரம் வரச் சொல்லியிருக்கேன். அவங்க கம்பியூட்டருக்கும் இந்த லினக்ஸையே போட்டுக் குடுங்க."

"அவங்களுக்குச் சரிப்படுமா?" என்று அவர் மெல்லக் கேட்டார்.

"ஏன் சரிப்படாது? நான் சொல்லிக் குடுக்கிறேன்" என்றாள் தனுஜா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.