என்னைக் கண்டா நின்னுடுது

தான் போய் நாற்காலியில் உட்கார்ந்தால் ஏசி நின்றுவிடுகிறது, எழுந்து போனால் ஓடுகிறது என்று அப்பா போனில் சொன்னபோது அண்ணன் சிரிக்கவில்லை. சிரித்துத் தொலைத்திருந்தால் தேவலை. "போனை அவகிட்ட குடுங்கப்பா" என்றான்.

"பார்த்தியா? மெஷின் தன்னைப் பார்க்குதுங்கறார். ஆரம்பிச்சிடுச்சு" என்றான் என்னிடம்.

எது ஆரம்பித்துவிட்டது என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறானாம். ஒரு முதியோர் இல்லம் பார்த்து வைத்திருக்கிறானாம். தோட்டமெல்லாம் இருக்கிறதாம். "சும்மா ஒரு தடவை கூட்டிட்டுப் போய்க் காட்டிட்டு வருவோம்" என்றான். இவன் சும்மா என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? சும்மா ஒரு வண்டியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவன், அதே வண்டியை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தவன்.

அப்பா என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். போனை வைத்ததும், "நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனாம்மா?" என்றார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லை. நான் உங்களை நம்பறேன்பா" என்றேன். சட்டென்று வந்துவிட்டது. வேறு என்ன சொல்வது?

அந்த மெஷின் பின்னறைச் சுவரில் மாட்டியிருப்பது. வெயிலுக்குக் குளிர்ச்சி, குளிருக்குச் சூடு, இரண்டும் அதிலேயே. அப்பா எங்களோடு வந்த பிறகு அவருக்காகவே வாங்கினோம். குளிர் தொடங்கியதிலிருந்து அது ஒழுங்காக ஓடவில்லை என்பது உண்மைதான். வெளிப்பெட்டி உறுமும், அறை சூடாகத் தொடங்கும், உடனே அடங்கிவிடும். மறுபடி உறுமும், மறுபடி அடங்கும். பாவம், அப்பா காதுவரை துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

மெக்கானிக்கைக் கூப்பிட்டேன்.

"என்னக்கா பிரச்சினை?"

"நின்னு நின்னு ஓடுது தம்பி."

"நின்னு ஓடினா நல்லதுதானேக்கா?"

"நின்னு ஓடலை. ஓடுது, நின்னுடுது, ஓடுது, நின்னுடுது."

"அப்படிச் சொல்லுங்க" என்று ஏணியோடு வந்தார். அப்பா ரிமோட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு, வேலை செய்கிறவருக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்று கூடத்துக்குப் போய்விட்டார். மெக்கானிக் ஃபில்டரைக் கழுவினார், கேஸ் பார்த்தார், வெளிப்பெட்டியில் ஒட்டியிருந்த சருகைத் தட்டினார். அத்தனை நேரமும் மெஷின் சமர்த்தாக ஓடியது. டாக்டர் வீட்டு வாசலை மிதித்ததும் காய்ச்சல் இறங்குமே, அந்த மாதிரி.

"ஒரு குறையும் இல்லைக்கா" என்று அவர் ஏணியைத் தூக்கினார். தெருமுனை தாண்டியிருக்க மாட்டார், அப்பா நாற்காலிக்குத் திரும்பினார், மெஷின் அடங்கியது.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. என் வீட்டுக்காரர் வேறு பக்கத்தில் நின்றுகொண்டு, "மெஷினுக்கு சர்வீஸ் ஆயிடுச்சு. இனி உங்கப்பாவுக்குத்தான் பண்ணணும்போல" என்றார். பிள்ளைகளுக்கு அப்பாவாயிற்றே என்று பார்த்தேன், இல்லாவிட்டால் நடந்திருப்பதே வேறு. "உங்க சர்வீஸ் தேதி எப்பவோ தாண்டிப் போச்சு" என்றதோடு விட்டேன்.

வாய்தான் அப்படிப் பேசியது. உள்ளே எனக்கும் பயம்தான். போன மாதம் மருந்துக்கடைக்குப் போனவர் பக்கத்துத் தெரு வழியாக ஊரைச் சுற்றி வந்து சேர்ந்தார். அதற்கு முன்னால் ஒரு தடவை என்னை அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டார். எனக்கும்தான் பெரியவளைக் கூப்பிடச் சின்னவள் பெயர் வருகிறது, என்னை யாரும் எங்கேயும் கூட்டிக்கொண்டு போகவில்லை. ஆனாலும் மெஷின் ஆளைப் பார்த்து நிற்கிறது என்று நான் சொன்னதில்லையே. அண்ணன் சொல்வது சரியாக இருந்துவிட்டால்? அந்த நினைப்பு வந்ததும் அழுகை முட்டியது. காய் நறுக்குகிற சாக்கில் அடுப்படியிலேயே நின்றுகொண்டேன்.

சனிக்கிழமை மத்தியானம், ஆனது ஆகட்டும் என்று பின்னறையில் போய் உட்கார்ந்தேன். "அப்பா, நீங்களும் உட்காருங்க. என்னதான் பண்ணுதுன்னு பார்த்துடுவோம்."

அவர் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது.

"வெளியே போங்கப்பா."

போனார். சற்றுப் பொறுத்து அது பாட்டுக்கு ஓடத் தொடங்கியது. அவர் நாற்காலியில் நான் உட்கார்ந்து பார்த்தேன். ஓடியது. செய்தித்தாளும் கையுமாக இருந்த இவரை இழுத்து வந்து உட்கார வைத்தேன். மனிதர் ஒரு தூக்கமே போட்டார், ஓடியது. அப்பாவைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னேன். நின்றது.

இவர் முகத்தில் ஈயாடவில்லை. "என்ன இது?" என்றார் என்னிடம், ஏதோ நான்தான் மந்திரம் போட்டு வைத்திருப்பதுபோல. அப்பாவுக்குப் பிசகிவிட்டதா என்று பார்க்க வந்து எனக்கே பிசகிவிட்டதா? மனிதரைக் கண்டால் அடங்குகிற மெஷினை எந்தக் கடையில் விற்கிறார்கள்? நாற்காலியை இந்த மூலைக்கு இழுத்தேன், அந்த மூலைக்கு இழுத்தேன். துண்டை எடுக்கச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றச் சொன்னேன். அப்பா சொன்னதையெல்லாம் செய்தார். மெஷின் மட்டும் மசியவில்லை.

"ரிமோட்டைக் குடுங்க, சூட்டையாவது கூட்டி வைப்போம்" என்றேன் சலித்துப்போய்.

அப்பா அதைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பொறுப்பில் இருந்தவர் அவர். தன் பொறுப்பில் உள்ள பொருள் தன் மேல் இருக்க வேண்டும். அதிலும் என் வீட்டுக்காரர் ரிமோட்டைக் குளியலறையில் வைத்துவிட்டுத் தேடுகிறவர் என்று தெரிந்ததிலிருந்து அதை யாரிடமும் விட்டதில்லை. அந்தப் பைக்காகவே ஸ்வெட்டரை உள்ளே போட்டு அதன் மேல் சட்டையைப் போடுவார். அப்படி உடுத்துகிற ஒரே மனிதர் எனக்குத் தெரிந்து அவர்தான்.

சூட்டைக் கூட்டிவிட்டு ரிமோட்டை மேஜைமேல் வைத்தேன். மெஷின் ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. அப்பா அதே நாற்காலியில்தான் இருந்தார்.

"இப்ப ஏம்மா நிக்கலை?" என்றார், பயந்தவர்போல.

பிறகு வழக்கம்போல ரிமோட்டை எடுத்துப் பையில் செருகிக்கொண்டார். சற்று நேரத்தில் மெஷின் நின்றது.

நான் அந்தப் பையையே பார்த்தேன். ரிமோட்டின் தலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வெடுக்கென்று பிடுங்கித் திருப்பிப் பார்த்தேன். திரையின் ஓரத்தில் சின்னதாக ஒரு ஆள் படம்.

"இது என்னப்பா?"

"அதுவா? அதே படம் ஒரு பட்டன்லயும் இருக்கு பாரு. ரூம்ல ஆள் இருக்கறதைச் சொல்றதுக்குன்னு நினைச்சேன். நான்தான் இருக்கேனே, அதான் அமுக்கி வெச்சேன்."

மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். "அடடா, அந்தப் பட்டனாக்கா?" என்றார் அவர். "அதை அமுக்கிட்டா மெஷின் தன் பக்கத்துச் சூட்டைப் பார்க்காது. ரிமோட் எங்க இருக்கோ அந்த இடத்துச் சூட்டைத்தான் பார்க்கும். பையில வெச்சா உடம்புச் சூடுதானே? ரூம் சூடாயிடுச்சுன்னு நின்னுடும். வெளியே எடுத்தா ஓடும். ரிமோட்டோட ரூமை விட்டே போயிட்டா, கொஞ்ச நேரம் பார்த்துட்டு அது பழையபடி தன் பக்கத்துச் சூட்டையே பார்த்து ஓடும். நான் வந்தப்ப மேஜைமேல வெச்சுட்டேன், கோட்டை விட்டுட்டேன்."

எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. இவர் தோளில் ஓங்கி ஒன்று வைத்தேன். அண்ணனைக் கூப்பிட்டு, அப்பாவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு, பிடிபிடியென்று பிடித்துவிட்டேன்.

"அப்பா சொன்னது அட்சரம் பிசகலை. உட்கார்ந்தா நிக்குது, எழுந்தா ஓடுது. அவர் புத்திக்கு ஒரு கேடும் இல்லை. நாங்கதான் மடையர்கள். நாளைக்கு வா, நல்லா சாப்பிட்டுட்டுப் போ. அப்பா எங்கேயும் வர மாட்டார்."

"சரி சரி, கத்தாதே" என்றான் அண்ணன். அவன் குரலிலும் ஏதோ பாரம் இறங்கியது எனக்குக் கேட்டது.

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். என் முகமெல்லாம் பல்லாக இருந்திருக்க வேண்டும். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு சந்தோஷப்படறியேம்மா" என்றார். "அப்போ நீயும் நம்பலையா?"

இவர் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு மெதுவாக வெளியே போனார்.

"பரவாயில்லை" என்றார் அப்பா. கோபமெல்லாம் இல்லை அந்தக் குரலில். ரிமோட்டை மேஜைமேல் வைத்து, விளிம்புக்கு நேராக நகர்த்தினார். "எனக்கே என்மேல நம்பிக்கை போயிடுச்சு. நீ நம்பறேன்னு சொன்னியே, அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இத்தனை நாளா உட்கார்ந்திருந்தேன்."