இரண்டு வாய்க் குடுவை

வாங்க நினைத்த பொருளை வாயால் புகழக்கூடாது என்பது பத்மநாதனின் தொழில் விதி. சீதனம் பேசப் போகும் மாப்பிள்ளை வீட்டார்கூட இந்த விஷயத்தில் அவரிடம் பாடம் கேட்கலாம். பழைய தளபாடம் வாங்கி விற்பவர். லண்டன் ஸ்ட்ரெதமில் பிலோமினம்மா வீடு மாறுகிறார் என்று கேள்விப்பட்டு, மேசை கதிரை பார்க்கத் தன் வான் வண்டியோடு வந்திருந்தார். வந்த இடத்தில், ஃபிரிட்ஜின் மேல் அந்தக் குடுவையைக் கண்டார்.

உருண்டை வயிறு. மேலே இரண்டு மெல்லிய வாய்கள், நடுவே பாலம் போல ஒரு பிடி. வயிற்றைச் சுற்றிச் செங்காவியும் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு புள்ளிப் பூனை. முகத்தைவிட நீண்ட மீசை, இரண்டு கையிலும் மிளகாய். இதன் உடன்பிறப்பைப் பத்மநாதன் மியூசியத்தில் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்திருக்கிறார். பெரு நாட்டுக் கரையோரம், ஆயிரத்தைந்நூறு வருஷம். முகம் அசையவில்லை.

மேசையும் கதிரையும் வெறும் பிளைவுட் என்று அரைமணி நேரம் பேசினார். கடைசியில், போகிற போக்கில் கேட்டார்.

"உதென்ன அக்கா, உந்தச் சட்டி?"

"டொரத்தி தந்தது தம்பி. நான் கெயரரா நிண்டு பராமரிச்ச கிழவி. அவவின்ர புருசன் பெருவில சுரங்க எஞ்சினியரா இருந்தவராம்."

"ம்." பத்மநாதன் சுண்டுவிரலால் தட்டினார். "அடி சரியில்லை, உருண்டு போகும். ரண்டு வாய் இருக்கு, ஒண்டாலையும் தேத்தண்ணி வார்க்க ஏலாது. பூனையைப் பாருங்கோ, கரப்பொத்தான் மாதிரி மீசை. உல்லாசப் பயணிக்கு விக்கிற சாமான். உங்கட முகத்துக்காக அஞ்சு பவுண்ஸ் தாறன்."

இந்த இடத்தில் மற்றவர்கள் பத்து என்பார்கள், இவர் ஏழு என்பார், காரியம் முடிந்துவிடும். பிலோமினம்மா எதுவும் கேட்கவில்லை. பூனையைப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"எட்டு வருசமா சனிக்கிழமை சனிக்கிழமை துடைச்சு வைச்சனான். உதவாத சாமானை உம்மட தலையில கட்டிப்போட்டு நாளைக்கு எப்பிடிச் சேர்ச்சில பூசைக்குப் போறது? வேண்டாம் தம்பி."

மேசை லாச்சியை இழுத்துத் திறந்து சுத்தியலை எடுத்தார்.

"ஏனக்கா சுத்தியல்?"

"கறிவேப்பிலைச் சாடியில தண்ணி வடியாம வேர் அழுகுது. அடியில போட உடைஞ்ச ஓட்டுத்துண்டு தேடினனான்."

லண்டனில் கறிவேப்பிலை வளர்ப்பவரோடு யாரும் வாதாட முடியாது. ஜன்னலோரம் ஆறு இலையோடு நின்ற அந்தக் கன்றுக்கென்றே ஒரு ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"பத்துப் பவுண்ஸ்!"

"பாவம் பாக்கிறீர்."

"இருவது!"

"நான் கஷ்டத்தில இருக்கிறன் எண்டு ஆர் உமக்குச் சொன்னது?"

"நூறு, அக்கா! நூறு!"

"எனக்குப் பிச்சை வேண்டாம்!"

குடுவையைத் துவாயில் சுற்றித் தரையில் வைத்து, பிலோமினம்மா முழங்காலிட்டார். விலை ஏற ஏறச் சுத்தியலும் ஏறியது. பத்மநாதனும் முழங்காலில் விழுந்தார். முப்பது வருஷத் தொழிலில் ஒருமுறையும் சொல்லாத வார்த்தை வாயில் வந்துவிட்டது.

"நான் பொய் சொன்னனான் அக்கா!"

சுத்தியல் நின்றது.

"உருண்டை அடிதான் அதின்ர அழகு. ஆயிரத்தைந்நூறு வருசமாச் சாயம் போகேல்லை. இப்பிடி ஒரு வடிவான பூனையை நான் பிறந்து காணேல்லை. இது நானெல்லாம் வாங்கிற சாமானில்லை. மியூசியத்தில காட்டுங்கோ!"

"உடைக்க விடாமச் செய்யிறதுக்குச் சொல்லுறீர்."

பத்மநாதன் போனில் மியூசியப் படத்தைத் தேடி நீட்டினார். பிலோமினம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு பூனைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுக்கு மீசை குறைவு. என்ர நல்லம்," என்றார். பிறகு, சுத்தியலைக் கீழே வைக்காமலே கேட்டார்: "அப்ப, மேசை பிளைவுட் எண்டது?"

பத்மநாதன் தரையைப் பார்த்தார். "தேக்கு அக்கா."

"கதிரை?"

"அதுவும் தேக்கு."

செவ்வாய்க்கிழமை மியூசியத்துக்குப் புறப்பட்டார்கள். வானும் டீசலும் பத்மநாதனுடையவை; குடுவை பிலோமினம்மாவின் மடியில். ஒவ்வொரு வேகத்தடையிலும் வான் நிறைமாதக்காரி போல ஏறி இறங்கியது. பிரிக்ஸ்டனில் சிவப்பு விளக்கு விழுந்தபோது பத்மநாதன் திரும்பினார்.

"அக்கா, ஒருக்காத் தாங்கோவன். குறை தேடின கண்ணாலதான் அண்டைக்குப் பாத்தனான்."

பிலோமினம்மா யோசித்தார். துவாயை விலக்கினார். "சிவப்பு இருக்கும் மட்டுந்தான்."

கையில் வாங்கிய குடுவை பத்மநாதன் நினைத்ததைவிட இலேசாக இருந்தது. தீட்டியவர் யாரோ, மீசையின் கடைசி மயிரைக் கொஞ்சம் கோணலாக இழுத்துவிட்டு, அழிக்காமல் அப்படியே விட்டிருந்தார். பத்மநாதனின் விரல் அந்தக் கோட்டின் மேல் மெதுவாகப் போனது.

பச்சை விழுந்தது. பின்னால் பஸ் அலறியது. வான் நகரவில்லை.

"பாத்தது காணும் தம்பி, தாரும்," என்றார் பிலோமினம்மா. கையை மட்டும் நீட்டவில்லை.