மலைக்காரரின் நண்பகல்

மலைக்காரர் என்பது பிஸ்கட் தொழிற்சாலையில் அவருக்கு வைத்த பெயர். கேலிக்குத்தான். கடல் கடந்து பிழைக்க வந்த இருபத்திரண்டு வருஷத்தில், ஊருக்கு மேற்கே நிற்கும் ஒரே மலையை நாற்பது தடவைக்கு மேல் வரைந்து தள்ளிய மனுஷனை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? காலை ஆறு மணிக்கு அட்டைப்பெட்டி ஒட்டும் மிஷின் முன்னால் நின்றால் மாலை நாலுக்குத்தான் விடுவார்கள். அந்தக் கூடத்தில் ஜன்னல் என்ற பேச்சே கிடையாது. நாலரை பஸ்ஸைப் பிடித்து மலைக்கு எதிரே போய் உட்கார்ந்து பென்சிலால் கோடு மட்டும் போட்டுக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை மலைப் பக்கம் பஸ் ஓடாது; அன்று வண்ணம் தீட்டுவதெல்லாம் சமையலறை மேஜையில், விளக்கு வெளிச்சத்தில். அதுவும் எப்போதும் நண்பகல் மலைதான், அதன் சரிவில் ஒற்றை மரமும் மரத்தின் நிழலும். தனக்குக் கிடைக்காத வேளையைத்தான் வரைவேன் என்று ஒரு வீம்பு.

அந்தப் படங்களை ஊரில் யாரும் சீந்தவில்லை. பல் டாக்டர் ஒருவர் ஒன்றை வாங்கிப்போய், "என்னவோ ஒட்ட மாட்டேங்குதுங்க" என்று மூன்றாம் மாதமே திருப்பிக் கொடுத்தார். மற்றதெல்லாம் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. "மலை மேல படுத்துத் தூங்குற ஒரே பொம்பளை நான்தான்" என்பாள் மனைவி.

அப்படிப்பட்டவருக்குத்தான் புதிய நகர மன்றத்திலிருந்து அழைப்பு வந்தது. கூட்ட அறைச் சுவரில் மாட்ட ஊர் மலையின் படம் வேண்டும், கீழே அவர் பெயரும் இருக்கும் என்றார்கள். இந்த ஊர்ச் சுவர் ஒன்றில் தன் பெயர்! மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. ஐம்பத்தெட்டு வயசில் வேறு எதன்மேலும் அவர் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

புதன்கிழமை மாலை படத்தைக் கொண்டுபோனார். செயலாளர் அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்ற வந்த தோட்டக்காரரும் எட்டிப் பார்த்தார்.

"தப்பா நினைக்காதீங்க ஐயா. உச்சி வெயில்ல மரத்து நிழல் இந்தப் பக்கமா விழாதே?" என்றார் தோட்டக்காரர்.

"ஏன் விழாது?"

"இங்க சூரியன் வடக்குப் பக்கமாத்தானே போகுது. நிழல் தெக்கேதான் சாயும். நீங்க வடக்கே போட்டிருக்கீங்க. இந்த நிழலை நம்பி நான் செடி வெச்சா கருகிப்போயிடும்."

"அதான் எனக்கும் என்னவோ உறுத்திச்சு" என்றார் செயலாளர் அம்மாள். "வெள்ளிக்கிழமை காலையில மாட்டணும். சரி பண்ணிக் கொண்டு வந்துடுங்க. முடியலேன்னா ஒரு போட்டோவை மாட்டிக்கிறோம்."

இந்த ஊர் பூமியின் தென்பாதியில் இருக்கிறது, அவர் பிறந்த ஊர் வடபாதியில். அங்கே நண்பகல் நிழல் வடக்கே சாயும். கை தன் பாட்டுக்கு அதையே போட்டுக்கொண்டு வந்திருக்கிறது, நாற்பது படத்திலும்! பஸ்ஸில் வரும்போது அவமானம் பிடுங்கித் தின்றது.

"இதுக்கா இப்படி இடிஞ்சு போயிட்டீங்க? மாத்திப் போட்டா ஆச்சு" என்றாள் மனைவி.

"எங்கடி போடறது? எவ்வளவு நீளம், எந்தப் பாறை வரைக்கும்? இருபத்திரண்டு வருஷத்துல அந்த மலையை நான் உச்சிப் பொழுதுல பார்த்ததே இல்லையே."

அதைச் சொன்னபோதுதான் அவருக்கே அது உறைத்தது.

வியாழக்கிழமை வயிற்றுவலி என்று பொய் சொல்லி லீவு போட்டார். பழைய நிழலைக் கத்தியால் சுரண்டிய படத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு புறப்பட்டார். அவளுக்கு வாரத்தில் அந்த ஒரு நாள்தான் ஓய்வு. மற்ற ஆறு நாளும் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் நின்றபடி விரிப்பு தேய்ப்பவள். வியாழன் என்றால் காலைத் தரையில் வைக்க மாட்டாள். அன்று என்னவோ கூடவே கிளம்பிவிட்டாள்.

மலையேறி அந்த ஒற்றை மரத்தடிக்குப் போய்ச் சேர மணி பத்தாகிவிட்டது. அவர் நேராக மரத்துக்கு வடக்குப் பக்கம் போய்ப் போர்வையை விரித்தார்.

"அங்க வெயில் வரும்ங்க."

"வராது. நீ வேணா பாரு, பன்னிரண்டு மணிக்கு நிழல் இங்கதான் வந்து நிக்கும். தோட்டக்காரர் சொல்லிட்டா ஆச்சா?"

தப்பு என்று அவருக்கே தெரியும். வாய் ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். "அஞ்சு நிமிஷம் முதுகைச் சாய்க்கிறேன்" என்று படுத்தார்.

விழித்தபோது முகத்துக்கு மேலே கறுப்பாக ஒரு குடை நின்றது. பக்கத்தில், கொளுத்தும் வெயிலில், கன்னமெல்லாம் சிவந்துபோய் அவள் குடையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். நிழல் மரத்துக்கு அந்தப் பக்கம் ஆளே இல்லாமல் கிடந்தது.

"மணி என்ன?"

"மூணு ஆகப்போகுது."

"ஐயையோ, போச்சு! எழுப்பக் கூடாதா?"

"எழுப்பத்தான் வந்தேன். குறட்டை விட்டுட்டிருந்தீங்க. இப்படித் தூங்கி எத்தனை வருஷம் ஆச்சு? மனசு வரல."

"அதுக்காக இவ்வளவு நேரமும் நீ வெயில்லயா இருப்பே? நான் சொன்ன பக்கம் தப்புன்னு தெரிஞ்சுதுல்ல, அந்தப் பக்கம் போயிருக்கலாமே!"

"நீங்க இங்கதானே படுத்திருந்தீங்க? கை மாத்தி மாத்தித்தான் பிடிச்சேன், விடுங்க."

குடையை வாங்கினார். அவள் விரல்கள் மடங்கியபடியே நின்றன. ஒவ்வொன்றாகப் பிடித்து நீவிவிட்டார். அழுகை வந்தது, அதை அவர் மறைக்கவும் இல்லை.

"அட, சின்னப் பிள்ளை மாதிரி" என்றாள். "படத்தை எடுங்க முதல்ல."

"எதை வெச்சுப் போடறது? உச்சிப் பொழுதுதான் போயிடுச்சே."

"நான் என்ன கண்ணை மூடிட்டா இருந்தேன்? அந்த நிழலைத்தானே பார்த்து ஏங்கிட்டிருந்தேன்."

முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மரத்தைத் தாண்டி, பிளந்த பாறையின் நடுவில் போய் நின்றாள்.

"பன்னிரண்டு மணிக்கு இங்க வரைக்கும் இருந்துச்சு. இந்தப் பாறையில பாதி."

அவர் படத்தை மடியில் வைத்து, மரத்தின் அடியிலிருந்து பென்சிலால் கோட்டை இழுத்தார்.

"அசையாதே. அப்படியே நில்லு."

"நிக்கிறேன், நிக்கிறேன். சீக்கிரம் போடுங்க, கால் கடுக்குது."