முதல் மாவு

என் மாமியாரின் கைமணம் என்று இந்தத் தெருவே மெச்சுகிறதே, அது எதிலிருந்து வருகிறது என்று தெரிந்த நாள் முதல், ரொட்டி வேகும் வாசனை மூக்கில் ஏறினாலே எனக்குக் குமட்டுகிறது. மற்றவர்களுக்கு வாயில் எச்சில் ஊறும். எனக்கும் ஊறும், துப்புவதற்கு.

எங்கள் பேக்கரி கீழே, குடித்தனம் மேலே. முன்பக்கம் கடை, உட்கார்ந்து டீ குடிக்கிறவர்களுக்கு நான்கைந்து மேசை. ஒரு திரையைத் தள்ளினால் அடுப்பறை, அங்கே என் கணவர். அதற்கும் பின்னால் மாவறை. அது மாமியாரின் கோட்டை. மாமனார் எப்போதோ போட்டோவுக்குள் போய்விட்டதால் அந்தக் கோட்டையில் எதிர்த்துப் பேச ஆளில்லை. நான் கல்யாணமாகி வந்து இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. மாவறை வாசற்படியைக்கூட மிதிக்கவிட்டதில்லை. பண்டிகை ரொட்டிக்கு மாவு பிசையும்போது மட்டும், தலைக்குக் குளித்து, முடியைத் துணியால் கட்டி, கதவைச் சாத்திக்கொண்டு, யாரோடும் பேசாமல் பிசைவாராம். என்ன பக்தி, என்ன சுத்தம் என்று நானும் வாயைப் பிளந்திருக்கிறேன்.

நோன்பு முடிகிற அன்று எல்லோரும் முதலில் வாயில் வைப்பது இந்த ரொட்டியைத்தான். ஈஸ்ட் போட்டுப் பொங்கவைத்த மாவை மூன்று புரியாகப் பின்னி, உள்ளே உலர்திராட்சை வைத்து, சுட்டு எடுத்துச் சூட்டோடு சர்க்கரைப் பாகு தடவுவார்கள். மற்ற பேக்கரிகளும் போடத்தான் செய்கின்றன. எங்கள் ரொட்டியில் மட்டும் இனிப்புக்கு அடியில் லேசாக ஒரு புளிப்பு இருக்கும். அந்தப் புளிப்புக்காகவே வரிசை தெருமுனை திரும்பும். பக்குவம் கேட்டால் மாமியார் தலையைக் குனிந்துகொண்டு, எல்லாம் கைராசி என்பார்.

வருஷம் தவறாமல் அந்த வரிசையில் நின்றவர் என் அப்பா. பஸ் டிரைவர். நோன்பன்று பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் வண்டி ஓட்டுகிறவர். இந்த வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்தபோது மாப்பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. அந்த ரொட்டியைச் சுடுகிற வீட்டுக்குப் பெண் கொடுக்கக் கசக்குமா என்றார். டிப்போவில் ஒருத்தர் பாக்கியில்லாமல் சம்பந்தி வீட்டுப் பெருமை பேசியாகிவிட்டது. இந்த வருஷம் எங்கள் வீட்டில் வந்துதான் நோன்பை முடிப்பேன் என்று சொல்லியிருந்தார்.

பண்டிகைக்கு முந்தின நாள் மாமியாருக்கு மணிக்கட்டில் சுளுக்கு. கை வீங்கிப்போய்விட்டது. வேறு வழியில்லாமல், முனகிக்கொண்டே என்னை மாவறைக்குள் கூப்பிட்டார்.

முதலில் ஒரு சின்ன பேசினில் புது மைதா, பால், வெண்ணெய், ஈஸ்ட். இது முதல் மாவு, வீட்டுக்கு என்றார். முதல் மாவைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தேன். சாமிக்கு என்று முதலில் எடுத்து வைப்பார்களே, அதுபோல ஏதோ என்று நினைத்திருந்தேன். அன்போடு பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடி வைத்தேன். பிறகு மூலையிலிருந்த நீலப் பீப்பாயைத் திறக்கச் சொன்னார்.

மூடியைத் தூக்கியதும் வாடை முகத்தில் அறைந்தது. உள்ளே பழுப்பாக, நுரை கட்டி, புளித்த கூழ். ஈஸ்ட் ஊறல் போலிருக்கிறது, இதில்தான் அந்த ரகசியம் என்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னபடி கையை விட்டுப் பிழிந்தேன். கையோடு ஒரு பன் வந்தது. அரைவட்டமாகக் கடித்த பல்தடம் அப்படியே இருந்தது. அடுத்த பிடியில் ஒரு பல்குத்தும் குச்சி. அதற்கடுத்து, ஓரத்தில் உதட்டுச்சாயம் ஒட்டிய கேக் துண்டு.

அந்தக் கேக் துண்டை எனக்குத் தெரியும். கடை மேசையில் அதை ஒரு பெண் பாதி தின்றுவிட்டு வைத்துப் போனபோது தட்டை எடுத்தவள் நான். மேசையில் மிஞ்சுவதையெல்லாம் ஒரு வாளியில் சேர்த்து வை, மாட்டுக்காரன் வந்து எடுத்துக்கொள்வான் என்று மாமியார் சொல்லியிருந்தார். தினமும் சேர்த்து வைத்தேன். மாடு யார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

“அத்தை, இது எச்சில்” என்றேன்.

“அந்த அடுப்புச் சூட்டுல எந்த எச்சில் நிக்கும்? உள்ள போயிட்டு வந்தா எல்லாம் சுத்தம்.”

“அப்போ நம்ம வீட்டுக்கு எதுக்குத் தனி மாவு?”

மக்குப் பிள்ளையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். “நாம எதுக்கும்மா அதைத் திங்கணும்?”

பீப்பாயைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இந்தப் பதிலை எந்த சோப்புப் போட்டுக் கழுவுவது? சாக்கடையோரம் ஓடிப்போய்க் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தியெடுத்தேன். பின்னாலேயே வந்தவர் முகம் மலர, விசேஷமா என்று கேட்டார். மிச்சத்தை ஒற்றைக் கையாலேயே பிழிந்து, வாடை தெரியாமலிருக்க ஏலக்காயும் சர்க்கரையும் அள்ளிக் கொட்டி, பெரிய மாவில் கலந்துவிட்டார். எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர் என்று கஞ்சனைச் சொல்வார்கள். இவர் அந்த எச்சிலையும் விற்றுவிடுவார்.

போகும்போது ஒன்று சொன்னார். “அவன்கிட்ட உளறி வைக்காதே. அவனுக்கு இதெல்லாம் தெரியாது. பின்னி வெச்சதை அடுப்புல வைப்பான், அவ்வளவுதான்.”

அந்த ஒரு வார்த்தையை இறுகப் பிடித்துக்கொண்டேன். என் கணவர் முழங்கை வரை கழுவாமல் சாப்பிட உட்காரமாட்டார். சோற்றில் ஒரு முடி கிடந்தால் அன்றைக்குப் பட்டினி. அவருக்குத் தெரியாது என்றால், சொல்லி, இரண்டு பேருமாக இந்த வீட்டை விட்டு வெளியே போய்ப் பிழைத்துக்கொள்ளலாம். தெரியும் என்றால் நான் இத்தனை நாள் யாரோடு வாழ்ந்திருக்கிறேன்?

மறுநாள் அவர் அடுப்பை விட்டு நகரவில்லை. வரிசை காலையிலேயே தெருமுனையைத் தாண்டிவிட்டது. குழந்தையும் கையுமாக, கும்பிட்டு வாங்குகிற மாதிரி பயபக்தியோடு வாங்கிப்போனார்கள். ஒவ்வொரு பொட்டலமும் என் கையைத் தாண்டித்தான் போயிற்று. அவரிடம் பேசிவிட்டுத்தான் வெளியே வாயைத் திறக்கவேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

சாயங்காலம் அப்பா வந்தார். நாக்கு வறண்டு, கண் உள்ளே போயிருந்தது. முகத்தில் மட்டும் கல்யாணக் களை. மாப்பிள்ளை அடுப்பை விட்டு வரமுடியாதென்பதால் அடுப்பறையிலேயே, மாவு மேசையைத் துடைத்து இலை போட்டேன். மாமியார் கல்லாவை விட்டு எழுந்து வந்து, திரை ஓரமாக என்னிடம் கிசுகிசுத்தார். அப்பாவுக்குக் கடைத் தட்டிலிருந்து வைக்கவேண்டுமாம். வீட்டு ரொட்டி அளவாகத்தான் இருக்கிறதாம்.

தலையை ஆட்டினேன். அப்பாவின் இலையில் முதல் மாவில் சுட்டதை வைத்தேன். கணவரின் இலையில் கடை ரொட்டியை வைத்தேன். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஒரே பின்னல், ஒரே பாகு. கையில் எடுத்தால் மட்டும் கடை ரொட்டி கொஞ்சம் கனக்கும், அமுக்கினால் மேலெழாது. அவர் அதைத் தின்னவேண்டும் என்று வேண்டிக்கொண்டு நின்றேன். தாலி கட்டினவன் கண்டவர் எச்சிலைத் தின்னட்டும் என்று வேண்டிக்கொண்ட பெண்டாட்டி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். தின்றால் தெரியாது என்று அர்த்தம்.

அப்பா கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு ஒரு கடி கடித்தார். அப்படியே உருகிவிட்டார். வருஷாவருஷம் வாங்கித் தின்றதைவிட இந்த வருஷம் ஒரு படி மேல் என்றார்.

கணவர் ரொட்டியைக் கையில் எடுத்தார். வாய்க்குக் கொண்டுபோகவில்லை. உள்ளங்கையில் வைத்து லேசாக ஏந்திப் பார்த்தார். கட்டைவிரலால் பின்னலை ஒரு அழுத்து அழுத்தினார். அழுத்திய இடம் குழி விழுந்தபடியே இருந்தது. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

“மாமா, எனக்கு வயிறு ஒரு மாதிரியா இருக்கு. இதையும் நீங்களே சாப்பிடுங்க” என்று அதை அப்பாவின் இலையில் வைத்தார்.

அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாப்பிள்ளை தன் பங்கையே தூக்கிக் கொடுக்கிறார் பார் என்று என்னிடம் பெருமையடித்துக்கொண்டே அதை எடுத்தார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

“கீழ வையுங்கப்பா. கடையில கண்டவங்க கடிச்சுப் போட்டதை ஊறவெச்சுச் சுட்டது அது. இவருக்கும் தெரியும்.”

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு, பெண் ஏதோ உளறுகிறாள், நீங்கள் சொல்லுங்கள் என்பதுபோல மாப்பிள்ளையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அந்த நேரத்திலும், இல்லை என்று அவர் ஒரு வார்த்தை சொல்லிவிடமாட்டாரா என்று வெட்கமில்லாமல் காத்துக்கொண்டுதான் இருந்தேன்.

அவர் திரைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“மெதுவாப் பேசு” என்றார். “கடையில ஆள் இருக்காங்க.”