செகோந்தோ மேட்டில் ஆணிகள்

இர்மாவின் விடுதிக்கு வருகிறவர்கள் எல்லோரும் லாரிக்குப் பயந்தவர்கள். ஹாலந்திலிருந்தும் டென்மார்க்கிலிருந்தும் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வருவார்கள். பள்ளத்தாக்கு நெடுஞ்சாலையை எட்டிக்கூடப் பார்க்காமல் ஒரு வாரம் இத்தாலியின் வடக்கே எங்கள் லாங்கா குன்றுகளில் சுற்றிவிட்டுப் போவார்கள். அதற்கான வழிகளை இர்மாவே ஓட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தாள். மணிக்கணக்கில் மிதித்தாலும் எதிரே ஒரு கார் வராத சின்னச் சின்னத் தார்ச்சாலைகள். அவற்றில் அவளுக்கு மிகவும் பிடித்தது செகோந்தோ மேடு. எங்கள் பியான்சொர்போவிலிருந்து இறங்கி, ஓடையைத் தாண்டி, ஹேசல்நட் தோப்புகளுக்கு நடுவே மூச்சை வாங்கிக்கொண்டு ஏறும். உச்சியில் ஆல்ப்ஸ் தெரியும். பிறகு மறுபக்கம் வளைந்து வளைந்து விழும்.

அது ஊராட்சிச் சாலை. ஆனால் இருபக்கமும் செகோந்தோவின் நிலம். அதனால் சாலையும் தன்னுடையதுதான் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். அறுபதைத் தாண்டிய தனிக்கட்டை. சைக்கிள்காரர்களைக் கண்டாலே அவனுக்கு ஆகாது. அவர்கள் மேட்டில் திணறி வரும் நேரம் பார்த்து டிராக்டரைக் குறுக்கே நிறுத்துவான். இஞ்சினை அணைத்துவிட்டு ரொட்டியையும் சலாமியையும் எடுத்து மடியில் வைத்துக்கொள்வான்.

"வழி விடுங்க செகோந்தோ" என்பாள் இர்மா.

"தோப்புக்குள்ள இறங்கித் தூக்கிட்டுப் போகச் சொல்லு. சைக்கிள் இறகு மாதிரி லேசுன்னு பீத்திக்கிறாங்கல்ல?"

ஊரில் பாதிப் பேர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். மீதிப் பேர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

இர்மாவுக்கு வீட்டுக்குள்ளேயும் ஒரு பகை இருந்தது. அவளுடைய அண்ணன் தல்மாசோ விடுதியின் மாடியில் குடியிருந்தான். வீடு இருவருக்கும் பொதுச் சொத்து. அவன் காட்டுப்பன்றி வேட்டைக்காரன்; வருஷத்தில் மூன்று மாத வேட்டைக்காகவே மீதி மாதங்களை உயிரோடு கழிக்கிறவன். போன இலையுதிர்காலத்தில் அவன் சுட்ட குண்டு ஒன்று இர்மாவின் விருந்தாளிகள் போய்க்கொண்டிருந்த சாலையோரத்துக் கல்லில் பட்டுத் தெறித்தது. அவர்கள் காவல் நிலையத்துக்குப் போனார்கள். குண்டு எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று இர்மாவைக் கேட்டபோது அவள் உள்ளதைச் சொன்னாள். தல்மாசோவின் துப்பாக்கி உரிமத்தைப் பறித்துவிட்டார்கள். வேட்டை நாய்களை அவன் அடுத்த ஊர்க்காரனிடம் கொடுத்தான். அன்றிலிருந்து தங்கையோடு பேச்சு இல்லை. மாடிப்படியில் எதிரே வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு இறங்குவான்.

செப்டம்பரில், திராட்சை பறிக்கத் தொடங்கிய சமயம், மார்லேன் என்ற ஹாலந்துக்காரி வந்து தங்கினாள். பள்ளிக்கூடத்தில் வயலின் கற்றுக்கொடுப்பவள். சளசளவென்று பேசுவாள்; எங்கள் மொழியைத் தப்பும் தவறுமாக, ஆனால் வெட்கப்படாமல் பேசுவாள். இர்மாவும் அவளும் இன்னும் நாலு பேரும் செகோந்தோ மேட்டில் ஏறி மறுபக்கம் இறங்கினார்கள். மூன்றாவது வளைவில் மார்லேனின் முன்சக்கரம் காற்றுப் போய் வழுக்கியது. இடது தோளோடு கல்சுவரில் போய் மோதினாள். இர்மா ஓடிவந்து பார்த்தபோது அவள் அழவில்லை. "இந்தக் கை, இந்தக் கை" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

ஆம்புலன்ஸ் போன பிறகு இர்மா வளைவில் மண்டியிட்டுத் தடவிப் பார்த்தாள். செருப்புக்கு அடிக்கிற குட்டை ஆணிகள். தார் முழுக்க, முனை மேலே பார்க்கும்படி.

அப்படியே கையில் அள்ளிக்கொண்டு செகோந்தோவின் களத்துக்குப் போனாள். அவன் கொட்டை உலர்த்தும் கித்தானை மடித்துக்கொண்டிருந்தான்.

"வாங்க அம்மணி. கூட்டத்தைக் காணோம்?"

"மனுஷனாய்யா நீ? அந்தப் பொண்ணு சுவத்துல மோதிக் கிடந்தா. தலை பட்டிருந்தா செத்திருப்பா!"

அவள் நீட்டிய ஆணிகளை அவன் குனிந்து பார்த்தான். பிறகு சிரித்தான். வாயெல்லாம் பல்லாக, நிதானமாக.

"நான் ஒளிஞ்சு எதையும் பண்றவன் இல்ல. டிராக்டரை நடுரோட்டுல நிறுத்துவேன், மூஞ்சிக்கு நேரா திட்டுவேன். இது என் வேலை இல்ல."

"வேற யாரு வேலை?"

"நான் விடியறதுக்கு முன்னாடி எந்திரிக்கிறவன். கண்ணுல படுறது படும்."

"யாரைப் பார்த்தீங்க?"

"சொல்ல மாட்டேன். பாம்பை உன் வீட்டுல வச்சுக்கிட்டு என் வேலியில தேடுற. தேடு, தேடு. எனக்கும் பொழுது போகணும்ல."

இர்மா வீட்டுக்கு வந்தாள். இரவு உணவுக்கு விருந்தாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். பரிமாறும்போது மாடியில் தல்மாசோ நடக்கும் ஓசை கேட்டது. அவளுக்குச் சந்தேகம் இருந்ததா என்று பிறகு எங்களில் சிலர் கேட்டோம். "செகோந்தோ சிரிச்சப்பவே தெரிஞ்சுபோச்சு. ஆனா தெரிஞ்சுக்க இஷ்டமில்ல" என்றாள்.

மறுநாள் யாரையும் அந்த வழியில் அனுப்பவில்லை. அதற்கடுத்த நாள், "நாளைக்கு மறுபடியும் செகோந்தோ மேடுதான்" என்று வாசலில் நின்றுகொண்டு மாடிக்குக் கேட்கும்படி விருந்தாளிகளிடம் சொன்னாள். விடியற்காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினாள். பள்ளத்தாக்கில் பனிமூட்டம் பால் மாதிரி நின்றது. மேட்டில் தெளிவாக இருந்தது. மூன்றாவது வளைவுக்கு மேலே, பழைய செஸ்ட்நட் மரத்தடியில் தல்மாசோவின் ஆப்பே மூன்று சக்கர வண்டி நின்றது.

அவன் முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருந்தான். பக்கத்தில் காப்பித்தூள் டப்பா. அவசரமே இல்லாமல், நாற்று நடுகிறவன் மாதிரி ஒவ்வொரு ஆணியாக நிறுத்தி வைத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே."

அவன் திடுக்கிடவில்லை. கையில் இருந்த ஆணியையும் வைத்துவிட்டுத்தான் எழுந்தான்.

"வந்துட்டியா? போ, போய்ச் சொல்லு. அதுதான் உனக்குக் கைவந்த கலையாச்சே."

"அவளால இனிமே வயலினைத் தோள்ல வைக்க முடியுமோ முடியாதோன்னு டாக்டருக்கே தெரியல."

"என்னாலயும் இனிமே துப்பாக்கியைத் தோள்ல வைக்க முடியாது. எனக்காக யாரு அழுதா? நீ அழுதியா?"

"குண்டு ரோட்டுக்கு வந்துச்சு. வரலைன்னு பொய் சொல்லச் சொல்றியா?"

"கூடப்பிறந்தவன்னு ஒரு பொய்! ஒரே ஒரு பொய். 'நான் கவனிக்கல'ன்னு சொல்லியிருந்தா போதும். ஊரான் எவனோ அரைக்கால்சட்டை போட்டுக்கிட்டு வந்து நிக்கிறான், அவனுக்காக என் கழுத்தை அறுத்துட்டே."

"அதுக்கு என்கிட்ட வந்திருக்கணும். என் சக்கரத்துல வச்சிருக்கணும்."

"உனக்குத்தான் வச்சேன்" என்றான் தல்மாசோ. "நீதானே எப்பவும் முன்னாடி போறவ? அன்னிக்கு எவளோ முந்திக்கிட்டா."

இர்மா சைக்கிளைப் பிடித்துக்கொண்டாள். மார்லேன் இறக்கத்தில் சிரித்துக்கொண்டே தன்னைத் தாண்டிப் போனது அவளுக்கு நினைவு வந்தது. அண்ணன் டப்பாவை மூடி வண்டியில் வைத்துவிட்டு, அவளைச் சுற்றிக்கொண்டு ஓட்டிப் போனான். அவள் ஒவ்வொரு ஆணியாகப் பொறுக்கினாள். பொறுக்கி முடித்து நேரே கீழே, பள்ளத்தாக்குக் காவல் நிலையத்துக்குப் போனாள்.

அங்கே பொறுப்பில் இருந்த போலீஸ் அதிகாரி, மரேஷல்லோ, தெற்கிலிருந்து வந்தவர், இளகிய மனுஷர். "கூடப்பிறந்தவருங்க. இன்னொரு நாள் யோசிச்சுட்டு வாங்களேன்" என்றார்.

"வர்ற வழி முழுக்க யோசிச்சுட்டேன். எழுதுங்க."

ஊர் அவளை மன்னிக்கவில்லை. அண்ணனை இரண்டு தரம் காட்டிக்கொடுத்தவள் என்று பேசினார்கள். பாரில் அவள் நுழைந்தால் சீட்டாட்டம் நிற்கும். ரொட்டிக்கடைக்காரி பொட்டலத்தைக் கையில் தராமல் மேசையில் தள்ளிவிடுவாள். ஆணி வைத்தவன் வந்தால் மட்டும் பழையபடி ஒரு கிளாஸ் தோல்செத்தோ ஒயினை நிரப்பி நீட்டினார்கள். வழக்கு நடந்தது. நீதிமன்றம் தல்மாசோவைக் குற்றவாளி என்றது. முதல் தடவை என்பதால் சிறைக்குப் போக வேண்டியதில்லை என்று விட்டது. அவன் தன் கட்டிலையும் பாடம் செய்த ஒரு பன்றித்தலையையும் ஆப்பேயில் ஏற்றிக்கொண்டு செகோந்தோவின் கொட்டகைக்குக் குடிபோனான். இருவருக்கும் அதற்கு முன்னால் அப்படியொன்றும் நெருக்கம் கிடையாது. இர்மாவைப் பிடிக்காது என்ற ஒன்றே அவர்களுக்குப் போதுமாக இருந்தது.

வசந்தத்தில் வெயில் வந்ததும் இருவரும் மேட்டில் சாலையோரம் நாற்காலி போட்டு உட்காரத் தொடங்கினார்கள். சைக்கிள்காரர்கள் திணறிக்கொண்டு வருவதை வேடிக்கை பார்ப்பார்கள். இர்மா வழியை மாற்றவில்லை. வாரத்துக்கு ஒருமுறையாவது கூட்டத்தோடு அந்த மேட்டில் ஏறினாள்.

"இடுப்பு பெருத்துப்போச்சு தல்மாசோ உன் தங்கச்சிக்கு" என்பான் செகோந்தோ, காதில் விழும்படி.

"எனக்குத் தங்கச்சி கிடையாது" என்பான் இவன்.

மே மாதம் மார்லேன் வந்தாள். அந்த வழியில்தான் போக வேண்டும் என்று அடம்பிடித்தாள். "வேண்டாம்மா, அண்ணன் அங்க உட்கார்ந்திருப்பான்" என்று இர்மா சொன்னதற்கு, "அதுக்காகத்தான் வந்தேன்" என்றாள்.

மேட்டில் அவர்கள் நாற்காலிகளுக்கு எதிரே வந்ததும் மார்லேன் இறங்கினாள். சைக்கிளை இர்மாவிடம் கொடுத்துவிட்டு தல்மாசோவின் முன்னால் போய் நின்றாள். அவன் நிமிர்ந்து பார்த்தான். யாரென்று அவனுக்குத் தெரியவில்லை. அவள் இடது கையை மெல்லத் தூக்கினாள். மார்பு உயரத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. இன்னும் தூக்கப் பார்த்தாள், முகம் வெளுத்தது, கை ஏறவில்லை. அப்போது அவனுக்குப் புரிந்தது.

"உன் மூஞ்சியைப் பார்க்கணும்னு நினைச்சேன்" என்று தன் உடைந்த மொழியில் சொன்னாள். "பார்த்தேன்."

செகோந்தோ ஏதோ கேலியாகச் சொல்லிச் சிரித்தான். கூடச் சிரிக்க யாரும் இல்லை. தல்மாசோ முழங்காலில் இருந்த தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தான், கழற்றினான், மறுபடி வைத்தான். தங்கையைப் பார்த்து, "இவளைக் கூட்டிட்டுப் போ" என்றான். எட்டு மாதத்தில் அவளிடம் அவன் பேசிய முதல் வார்த்தை அது.

"அவங்களுக்கு எப்ப போகணும்னு தோணுதோ அப்ப போவாங்க" என்றாள் இர்மா.

மார்லேன் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். கடைசியில் தல்மாசோதான் எழுந்து கொட்டகைக்குள் போனான். அவர்கள் இருவரும் உச்சிக்கு ஏறி, பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி மறுபக்கம் இறங்கினார்கள். மறுநாளிலிருந்து மேட்டில் ஒரு நாற்காலிதான் இருந்தது.