சம்பந்தி கொண்டுவந்த பென்டிரைவ்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு அல்ல. மேல்வீட்டுப் பெர்மெத்திடம் கேட்டு வாங்கியது. தருவதற்கு முன் அவள் மாடிப்படியில் நின்று வெகுநேரம் யோசித்தாள்.   பிறகு சொன்னாள்: “எழுதுங்கக்கா. ஆனா என்னை அழ வைக்காதீங்க. நான் அழலை.”

சரி என்றேன். அந்தச் சொல்லைக் காப்பாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. பாருங்கள்:

எங்கள் ஊர் கராக்கோலில் முதல் பனி விழுந்த அன்று, பெர்மெத்தின் கண்கள்—

(வேண்டாம். பனியை வைத்துக் கதை தொடங்குகிறவர்கள் வாசலில் பனி அள்ளாதவர்கள்.)

கம்ப்யூட்டருக்குள் ஒரு பேய் புகுந்து—

(இதுவும் வேண்டாம். அது பேய் இல்லை. எங்கோ ஒருவன் உட்கார்ந்து எழுதிய நிரல். பேய் என்றால் அவன் தப்பித்துக்கொள்வான்.)

பெர்மெத் கம்ப்யூட்டரிலிருந்து வைரஸை நீக்கி முடித்தாள்.

இது நிற்கும். இதுபோன்ற கதைகள் வழக்கமாக முடிகிற இடம் இது. எனக்கு இங்கேதான் தொடங்குகிறது. அழுக்கை எடுப்பது ஒரு மதிய வேலை. எடுத்த பிறகு அது திரும்ப வராமல் குடித்தனம் நடத்துவதுதான் பாடு.

2

பெர்மெத் வீட்டிலிருந்தே கட்டட வரைபடம் போடுகிறாள். தலைநகர் பிஷ்கெக்கில் இருக்கும் ஒரு அலுவலகத்துக்கு. கணவன் சாலை போடும் வேலையில் இருக்கிறான். குளிர்காலத்தில் மலைச்சாலை வேலை நின்றுவிடும், வரைபடம் நிற்காது. அதாவது குளிர்காலம் முழுக்க அந்த வீட்டில் அடுப்பு எரிவது அவளுடைய கோடுகளால். அவளுக்கு அந்த வேலை ஒரு கல்யாணத்தால் கிடைத்தது. கொழுந்தன் எர்மெக் இலையுதிர்காலத்தில் தாஜிகுல் என்பவரின் மகளைக் கட்டினான். அலுவலகத்தின் முதலாளி தாஜிகுலின் தம்பி.

கல்யாணம் முடிந்த கொஞ்ச நாளில், பெர்மெத் அனுப்பிய ஃபைல் ஒன்றோடு வைரஸும் போய் அலுவலகத்தில் இறங்கியது. முதலாளி போனில் குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது என்றாள். “முதல் தடவை, விட்டுடறேன். இன்னொரு தடவை வந்தா சொந்தம்னு பார்க்க மாட்டேன்.”

அவள் எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டாள். பாஸ்வேர்டுகள் அத்தனையையும் மாற்றினாள், அதுவும் போனிலிருந்து. கேட்டுக்கொண்டிருந்த சுவரிடமே புது ரகசியத்தைச் சொல்லக் கூடாதல்லவா. வரைபடங்களுக்குத் தனி டிஸ்க்கில் ஒரு நகல். நகல் எடுத்ததும் ஒயரைப் பிடுங்கி அலமாரியில் வைத்துவிடுவாள். சந்தையில் வாங்கிய திருட்டு மென்பொருளைத் தூக்கி எறிந்தாள். செருகியது எதுவும் தானாகத் திறக்கக் கூடாது என்று அமைத்தாள். அப்டேட் கேட்டால், சமையலை நிறுத்திவிட்டுக்கூட, போடுகிறாள்.

இதில் ஒன்றே ஒன்றுதான் நிற்கவில்லை. பாஸ்வேர்டு. மாமியார் ஊல்கான் அதைத் தெரிந்துகொண்டு, வீட்டில் டீ குடித்த எல்லோருக்கும் சொல்லிவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, “நம்ம ரொட்டிய தின்னவங்களுக்குப் பூட்டைக் காட்டறதா? வீட்டுக் கதவே பகல்ல தொறந்து கெடக்கு, உன் பெட்டிக்கு என்னடி அவ்வளவு மானம்?” என்றாராம்.

பெர்மெத் சண்டை போடவில்லை. கம்ப்யூட்டரில் இரண்டாவதாக ஒரு கணக்கைத் திறந்து, அதற்குப் பாஸ்வேர்டே இல்லாமல் விட்டாள். அதில் நுழைபவர்கள் படம் பார்க்கலாம், பாட்டுக் கேட்கலாம். எதையும் நிறுவ முடியாது, அவள் வரைபடங்களைத் தொட முடியாது. ஊல்கானிடம் அதை விருந்தாளி அறை என்று சொன்னாள். மாமியாருக்கு அது பிடித்துப்போயிற்று. மெத்தை போட்டாயிற்றா என்று மட்டும் கேட்டார்.

[அடிக்குறிப்பு போல ஒன்று: இதைப் படித்த பெர்மெத், “சமையலை நிறுத்தினதை எழுதாதீங்க, அத்தே படிப்பாங்க” என்றாள். ஊல்கான் கதை படிப்பவரல்ல. அப்படியே விட்டுவிட்டேன்.]

3

இனி தாஜிகுல் வர வேண்டும். இங்கே நான் தடுமாறினேன்.

முதல் வரைவில் அவரை வில்லியாக எழுதினேன். கழுத்தில் நரித்தோல், உதட்டைச் சுழித்த பேச்சு, கிண்ணத்தில் குறை கண்டுபிடிக்கும் கண். ஒரு பக்கம் எழுதிய பிறகு, இப்படி ஒரு பெண்ணை நான் எங்கேயும் பார்த்ததில்லை என்று தெரிந்தது. நான் பார்த்த தாஜிகுல் பள்ளி நூலகத்தில் வேலை செய்கிறவர், அதிர்ந்து பேசாதவர். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு, வீடு அமைதியாகிவிட்டதால் கல்யாண வீடியோவை எடுத்துக்கொண்டு சொந்தக்காரர்கள் வீடுவீடாகப் போகிறவர். எங்கள் ஊரில் எல்லோரும் அதைச் செய்வோம். கல்யாணம் ஒரு நாள்தான், வீடியோ குளிர்காலம் முழுக்க நடக்கும். வந்த வீட்டில் உட்கார்ந்து சேர்ந்து பார்க்க வேண்டும். பார்த்த பிறகு அந்த வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு நகல் வைத்துக்கொள்ள வேண்டும். வேண்டாம் என்றால் மணப்பெண்ணையே வேண்டாம் என்றதாக அர்த்தம்.

அன்று மதியம் அவர் வந்தார். ஊல்கான் சம்பந்தியை வாசலிலிருந்து எட்ட இருக்கும் பெரிய இடத்தில் உட்கார வைத்தார். பெர்மெத் செம்பையும் கிண்ணியையும் கொண்டுவந்து விருந்தாளியின் கையில் தண்ணீர் ஊற்றினாள். கை துடைத்த தாஜிகுல் பையிலிருந்து பென்டிரைவை எடுத்து, ரொட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்.

பெர்மெத்துக்கு அதைத் தெரியும். கல்யாணத்துக்குப் பிறகு, போட்டோக்களோடு, இதே பென்டிரைவ் ஒருமுறை அந்த வீட்டுக்கு வந்தது. அதன் பிறகுதான் எல்லாம் கெட்டது. மாலைக்குள் ஒரு பள்ளிக்கூடத்தின் வரைபடம் பிஷ்கெக்குக்குப் போயாக வேண்டும். செருகினால் முதலாளியை இழக்கலாம். செருகாவிட்டால் முதலாளியின் அக்காவை.

(டிவியில் போட்டிருக்கலாமே என்பீர்கள். அவர்கள் டிவியில் அதைச் செருக இடமில்லை. மேலே போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.)

இங்கே பெர்மெத் பொய் சொல்லலாம், கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்று. அப்படியும் எழுதிப் பார்த்தேன். வாக்கியம் நொண்டியது. அவள் சொன்னது வேறு:

“சம்பந்திம்மா, நீங்க எவ்வளவு பெரிய விருந்தாளி. உங்க கைக்கே நான் தண்ணி ஊத்தினேன். நீங்க கோவிச்சுக்கலை. இதுவும் பல வீடு சுத்திட்டு வந்திருக்கு. இதுக்கும் கை கழுவி விட்டுட்டு உள்ள கூட்டிட்டுப் போறேன்.”

தாஜிகுல் சிரித்துவிட்டார். ஊல்கான் சிரிக்கவில்லை. ஆனால் நகர்ந்து வழி விட்டார்.

4

விருந்தாளி அறையில்தான் செருகினாள். எதையும் திறக்காமல் முதலில் ஸ்கேன் ஓட விட்டாள். மூன்று பெண்களும் ஒரு பச்சைக் கோடு நீள்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிடித்ததைக் காட்டி, நீக்கட்டுமா என்று கேட்டது. நீக்கு என்றாள். பிறகு பென்டிரைவைத் திறந்தாள்.

ஒன்றுமில்லை. வெள்ளைத் திரை.

தாஜிகுல் குனிந்து பார்த்தார்.

“என் பொண்ணு எங்க?”

 அந்த அறையில் நான் இல்லை. ஆனாலும் இந்தக் கேள்விக்குள் நாலைந்து நாள் உட்கார்ந்திருந்தேன். இங்கிருந்து மூன்று வழி போகிறது. தாஜிகுல் எழுந்து போகலாம், கல்யாண உறவு அன்றோடு கசக்கலாம். ஊல்கான் மருமகளைச் சம்பந்தியின் முன் ஏசலாம். அல்லது பெர்மெத், நடுங்கும் விரல்களோடு—

“என் விரல் நடுங்கலைக்கா,” என்றாள் பெர்மெத், இந்த இடத்தைப் படித்துவிட்டு. “எனக்குத்தான் தெரியுமே.”

அவளுக்குத் தெரிந்தது இது. இந்த வைரஸ் எதையும் தின்னாது. உண்மையான போல்டரை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஒரு போலியை முன்னால் நிறுத்தும். நாம் போலியைத் திறப்போம், அது உள்ளே புகுந்துகொள்ளும். ஸ்கேன் போலியைத்தான் கொன்றது. உண்மை அங்கேயே இருட்டில் உட்கார்ந்திருக்கிறது. மறைந்தவற்றைக் காட்டு என்று இரண்டு இடத்தில் டிக் மாற்றினாள். வெள்ளைத் திரையில் ஒரு போல்டர் தெரிந்தது, ஆவி படிந்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பது போல, மங்கலாக. அதற்குள் மணப்பெண் வெள்ளை முக்காட்டோடு இருந்தாள்.

இரண்டு மணி நேரம் பார்த்தார்கள். தாஜிகுல் அழுதார். (அழ வைக்கக் கூடாது என்ற நிபந்தனை பெர்மெத்துக்கு மட்டும்தான்.)

5

கதையை இங்கே முடித்திருந்தால் நீங்களும் நிம்மதியாக எழுந்து போயிருப்பீர்கள். எனக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் தாஜிகுல் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார், அந்த அழுக்கு அவர் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் இருக்குமா என்று. இருக்கும், வந்து எடுத்துத் தருகிறேன் என்றாள் பெர்மெத். போன வீடுகளில் எல்லாம் இருக்குமா? இருக்கும்.

தாஜிகுல் தன் கைகளைப் பார்த்தார். “அப்ப பொண்ணோட கல்யாணத்தைக் காட்டறேன்னு, நான்தான் எல்லார் வீட்டுலயும் கொண்டு போய்ப் போட்டிருக்கேன்.”

பெரிய இடத்தில் உட்கார்ந்திருக்கும் விருந்தாளி, புதுச் சம்பந்தி, வீட்டில் தலை குனிவது போன்ற அவமானம் எங்களுக்கு வேறில்லை. அவமானம் விருந்தாளிக்கு அல்ல, வீட்டுக்கு. பூட்டே வேண்டாம் என்ற ஊல்கான் அப்போது பேசினார்.

“சம்பந்தி, அது எங்க வீட்டுலேருந்து போனது. கல்யாணத்துக்கு மறுநாள் எர்மெக் இந்தப் பெட்டியிலதான் உங்க பென்டிரைவைச் செருகினான். இங்க இருந்துதான் உங்களோடதுல ஒட்டிக்கிச்சு.”

எர்மெக் செருகவில்லை. மறுநாள் அவன் ஊரிலேயே இல்லை. ஊல்கானுக்கும் அது தெரியும்.

தாஜிகுல் பெர்மெத்தின் பக்கம் திரும்பினார். “நீ படிச்சவ. நீ சொல்லும்மா. இங்க இருந்தா போச்சு?”

ஆமாம் என்றால், தாஜிகுல் இன்றைக்கே தம்பியிடம் பேசும்போது இயல்பாகச் சொல்வார். நோய் பிறந்த இடமே இவள் மேசைதான் என்று முதலாளிக்குத் தெரிந்துபோகும். இல்லை என்றால், மாமியார் பொய்க்காரி. சம்பந்தி, அழுக்கை வீடுவீடாகச் சுமந்தவர்.

பெர்மெத் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியும். எழுதினேன். ஒரு முழுப் பக்கம், நன்றாகவே வந்திருந்தது. அழித்துவிட்டேன். தாஜிகுல் நூலகத்தில் இருக்கிறார். இந்தக் கதை அச்சானால் முதலில் பிரிப்பவர் அவராகத்தான் இருப்பார். மாப்பிள்ளை அன்று ஊரில் இல்லாதது அவருக்கு இதற்குள் தெரிந்திருக்கும்; ஆனால் அந்த மேசையில் நிலைத்துப்போன பெர்மெத்தின் பதிலை நான் உறுதிப்படுத்தவும் கூடாது, கலைக்கவும் கூடாது.

உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. பள்ளிக்கூடத்தின் வரைபடம் அன்று மாலை போயிற்று. சுத்தமாகப் போய்ச் சேர்ந்தது. அதில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை, அவளுக்கும் இல்லை. மற்றது உங்களிடம்.

தாஜிகுலின் கிண்ணம் காலி. பெர்மெத் அதை வாங்கி டீ ஊற்றுகிறாள். ஊற்றி நீட்டும்போது பதில் சொல்லியாக வேண்டும். மரியாதைக்குரியவர்களுக்கு, மறுபடி மறுபடி ஊற்ற வேண்டி, நாங்கள் அரைக் கிண்ணம்தான் ஊற்றுவோம், ஆகவே அதிக நேரமில்லை. அவள் இடத்தில் நீங்கள் சொல்லுங்கள்.